ஒரு பாட்டில் ஹைப்போவுக்கு நன்றி

அந்தக் கறுப்புத் திரையின் கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கறுப்புத் துணிகளில் ப்ளீச்சால் நிறத்தை எடுத்து வெள்ளை நட்சத்திரம் வரவழைக்கப் போய், நான் ஓட்டை போட்டுவிட்ட திரை அது. பாதிப் பேர் அதைத் தைத்தவர்கள், மீதிப் பேர் அதன் முன்னால் உட்கார்ந்து குழந்தைகளின் நாடகத்தைப் பார்த்தவர்கள். நேற்று அதைக் கழற்றி மடித்து வீட்டுக்குக் கொண்டு வந்தேன். என் விரலில் ப்ளீச் வாடை இன்னும் போகவில்லை. அது போவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ராத்திரி கண்விழித்து ஓட்டைகளுக்குப் பின்பக்கம் ஒட்டுத்துணி வைத்துத் தைத்தவர்கள், சாயம் ஊறட்டும் என்று தங்கள் குளியலறையையே ஒரு நாள் முழுக்க விட்டுக்கொடுத்தவர்கள், ப்ளீச்சுக்கு மசியவே மசியாத அந்த மூன்றாவது துணியில் தூரிகையால் நட்சத்திரம் வரைந்தவர்கள், “நான் அப்போதே சொன்னேன்” என்று சொல்லாமல் இருந்தவர்கள் (இது சாதாரண உதவி இல்லை) எல்லோருக்கும் என் நன்றி. தனித்தனியாகச் சொல்லப் போனால் யாரையாவது விட்டுவிடுவேன்.

ஆனால் ஒருவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. கீழ் வீட்டு ஐயா. மாடிப்படியில் பார்த்தால் தலையசைப்பார், அவ்வளவுதான் பழக்கம்.

அன்று வாடை படியிறங்கிப் போய்விட்டது போலிருக்கிறது. கதவைத் தட்டினார். நான் ஒரு கையில் சொட்டச் சொட்டத் துணியும் மறு கையில் வினிகர் பாட்டிலுமாக நின்றேன். எவ்வளவு அலசினாலும் ப்ளீச் துணியைத் தின்பதை நிறுத்தவில்லை, வினிகர் ஊற்றினால் அடங்கும் என்று எங்கோ படித்திருந்தேன். அவர் பாட்டிலைத்தான் முதலில் பார்த்தார்.

“அதைக் கீழ வைங்கம்மா. ஜன்னலைத் திறங்க.”

ப்ளீச்சில் அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். வினிகரும் அமிலம்தான். மூச்சை அடைக்கிற அந்த வாயுவை நானே என் வீட்டுக்குள் உண்டாக்கியிருப்பேன். நல்லவேளை, மூடியைத் திறந்திருக்கவில்லை.

சொல்லிவிட்டுக் கீழே போனவர் ஒரு பழுப்பு நிறப் பாட்டிலோடு திரும்பி வந்தார். உள்ளே கண்ணாடிச் சில்லு மாதிரிப் படிகங்கள். அவர் ஸ்டுடியோ வைத்திருந்தவராம். இருட்டறையை மூடிப் பல வருடமாகியும் ஹைப்போவை மட்டும் தூக்கிப்போட மனம் வரவில்லை என்றார். ஹைப்போ என்பது சோடியம் தயோசல்பேட். ஃபிலிமிலும் ஃபோட்டோ தாளிலும் வெளிச்சம் படாமல் மிஞ்சுகிற வெள்ளி உப்பைக் கரைத்து, படத்தை நிலைநிறுத்துவது அதுதான். துணியில் தங்கிய குளோரினையும் அதே ஹைப்போ முறித்துவிடும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். முதலில் துணியை நன்றாகத் தண்ணீரில் அலச வேண்டும், பிறகுதான் ஹைப்போக் கரைசல். வினிகரைத் தேடுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதோடு போயிருந்தாலே பெரிய உதவி. அவர் போகவில்லை. “டெஸ்ட் ஸ்ட்ரிப் போட்டீங்களா?” என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. இருட்டறையில் முழுத் தாளையும் வீணாக்காமல் ஒரு சின்னப் பட்டையை எடுத்து, 5 வினாடி, 10 வினாடி என்று பகுதி பகுதியாக வெளிச்சம் காட்டி, எது சரியாக வருகிறது என்று பார்ப்பார்களாம். மிச்சத் துணியில் நாலு துண்டு வெட்டச் சொன்னார். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த ப்ளீச்சில் 5, 10, 15, 20 நிமிடம். எடுத்ததும் அலசல், அப்புறம் ஹைப்போ. நாற்காலியை ஜன்னலோரம் போட்டுக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொன்னார்.

ஐந்தில் கறுப்பு கரும்பழுப்பானது. பத்தில் துரு நிறம். பதினைந்தில் வெளிறிய ஆரஞ்சு. இருபதிலும் அதே ஆரஞ்சுதான், ஆனால் இழுத்தால் துணி நைந்து பிரிந்தது. நிறம் போவது ஒரு கட்டத்தில் நின்றுவிடுகிறது, பருத்தி நைவது நிற்பதில்லை. வெள்ளை நட்சத்திரம் வேண்டும் என்று நான் துணியை ஊறவிட்டுக்கொண்டே இருந்ததுதான் ஓட்டைக்குக் காரணம். அந்தக் கறுப்பில் வெள்ளை வரவே வராது. எல்லாக் கறுப்பும் ஒரே கறுப்பு இல்லை. வாட் (vat) என்கிற சாய வகை போன்ற சில, ப்ளீச்சுக்கு அசையக்கூட மாட்டா. மூன்றாவது துணி அப்படிப்பட்டதாக இருக்க வேண்டும்.

நட்சத்திரமெல்லாம் துரு நிறத்தில் இருந்ததைக் குழந்தைகளில் ஒருவர்கூடக் குறையாகச் சொல்லவில்லை. “ரொம்பப் பழைய நட்சத்திரம்” என்று அவர்களே காரணமும் கண்டுபிடித்துவிட்டார்கள்.

இனி எந்தத் துணியானாலும் முதலில் ஒரு துண்டு வெட்டிப் பார்க்காமல் ப்ளீச் மூடியைத் திறப்பதில்லை. ஐயாவிடம் சொன்னதை உங்கள் முன்னாலும் சொல்லிவைக்கிறேன், மீறினால் கேளுங்கள்.

இன்று காலை பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். புதிதாக வாங்கி நிரப்பித் தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். நாலு துண்டையும் ஒரு அட்டையில் ஒட்டி, நேரம் எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கடைசித் துண்டில் விரலை வைத்து, “இது ஓவர் எக்ஸ்போஸ்” என்றார்.