கையேடு எழுதுவதும் புராஜெக்ட்தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் கோவைப் பதிப்பில் பொறியியல் மாணவர்களின் கடைசி வருஷ புராஜெக்ட்டுகள் பற்றி வந்த செய்தியைப் படித்தேன். ஆப், ரோபோ, ஏஐ என்று எல்லாம் இருந்தது, சந்தோஷம். ஆனால் ஏற்கெனவே உலகம் பூராவும் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு மென்பொருளுக்கு ஒழுங்கான கையேடு எழுதிக் கொடுத்தோம் என்று ஒருவர் கூட இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு விண்டோஸ் மாதிரி ஓர் இயங்குதளமான லினக்ஸில் ஓடுகிற சர்வர்களைப் பார்த்துக் கொடுக்கிறவன் நான், அதனால்தான் இது உறுத்துகிறது.

லினக்ஸில் மேன் பேஜ் என்று ஒன்று உண்டு. கமாண்டுகளை டைப் அடிக்கிற டெர்மினல் திரையில் மேன் (man) என்று அடித்து, பக்கத்தில் கமாண்டின் பெயரைப் போட்டால் அதன் கையேடு அங்கேயே திறக்கும், நெட் கூட வேண்டியதில்லை. நம்ம பக்கம் தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தால் மூடியின் உள்பக்கம் ஒயரிங் படம் ஒட்டியிருக்குமே, அது மாதிரி. ராத்திரி இரண்டு மணிக்கு த்ரீ பேஸ் கரண்ட் வந்து மோட்டார் எடுக்கவில்லை என்றால் டார்ச் அடித்து அந்தப் படத்தைத்தான் பார்க்க முடியும், அந்நேரத்துக்கு யாரைக் கூப்பிடுவது?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன். கல்லூரி முடித்துப் புதுசாக வந்த தம்பி ஒருவர், டிசைன் ஃபோல்டரை பேக்கப் எடுக்க, ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்க் (rsync) கமாண்டை எங்கிருந்தோ எடுத்துப் போட்டுவிட்டார். அதில், மூல ஃபோல்டரில் இல்லாததை நகலெடுக்கிற இடத்தில் அழித்துவிடும் டெலீட் ஆப்ஷன் இருந்தது, டிசைன் ஃபோல்டரின் பெயருக்குக் கடைசியில் ஒரு ஸ்லாஷும் இருந்தது. அந்த ஸ்லாஷ் இல்லாவிட்டால் பேக்கப் டிஸ்க்குக்குள் டிசைன் என்று தனி ஃபோல்டர் உண்டாகி, டெலீட் அதோடு நின்றிருக்கும். ஸ்லாஷ் இருந்ததால் ஃபோல்டருக்குள் இருந்ததை மட்டும் நேராக டிஸ்க்கில் கொட்டி, அங்கே வேறு என்னவெல்லாம் இருந்ததோ அத்தனையையும் துடைத்துவிட்டது. காலையில் மெர்ச்சன்டைசர் அம்மணி போன் பண்ணி, "அண்ணா, பழைய ஆர்டர் ஃபைல் ஒண்ணுமே காணோமுங்க" என்றார். ஓனர் வீட்டில் கிடந்த பழைய ஹார்டு டிஸ்க்கில் பாதி கிடைத்தது, மீதி போனது போனதுதான்.

இத்தனைக்கும் ஆர்சிங்க்கின் மேன் பேஜில் ஸ்லாஷ் விஷயமும் இருக்கிறது, டெலீட் ஆப்ஷன் ஆபத்தானது, முதலில் எதையும் மாற்றாத ஒத்திகையாக ட்ரை ரன் ஓட்டிப் பார்த்துக்கொள் என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமே வரவில்லை. நாலு வருஷப் படிப்பில் ஒரே ஒரு மேன் பேஜையாவது முழுசாகப் படி என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை, அந்தக் கோபம்தான்.

ஆர்சிங்க்குக்காவது யாரோ உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறார்கள். சின்னச் சின்ன மென்பொருள்கள் எத்தனையோ, கையேடே இல்லாமல் வருகின்றன. டெபியன் என்ற லினக்ஸ் வகையில் ஒரு கமாண்டுக்கு மேன் பேஜ் இல்லை என்றால் அதையே ஒரு பிழையாகத்தான் கணக்கில் எடுக்கிறார்கள், அது நியாயமும் கூட. சிலர் ஹெல்ப்டுமேன் என்ற கருவியை வைத்து ஆப்ஷன் பட்டியலை அப்படியே மேன் பேஜாக மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். என்னென்ன ஆப்ஷன் இருக்கிறது என்று அது சொல்லும், எதைத் தொட்டால் எது போகும் என்று சொல்லாது.

போன வருஷம் நானே ஒன்று எழுதினேன், நாங்கள் லேபிள் அடிக்கப் பயன்படுத்துகிற ஒரு சின்ன ஓப்பன் சோர்ஸ் கமாண்டுக்கு. முதல் வரியில் பெயரும், அது என்ன செய்யும் என்பதும் ஒரே வரியில் வர வேண்டும். மேன் பேஜ்களைத் தேடித் தரும் அப்ரோபோஸ் கமாண்டைப் போட்டுத் தேடுகிறவருக்குக் கண்ணில் படுவது அந்த வரிதான் என்பதால் அதற்கே ஒரு சாயங்காலம் போய்விட்டது. அப்புறம், அவுட்புட் ஃபைல் ஏற்கெனவே இருந்தால் என்ன ஆகும் என்று எழுத வந்தபோது எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கமாண்டின் சோர்ஸ் கோடைத் திறந்து பார்த்தால், ஒரு வார்த்தை கேட்காமல் பழைய ஃபைலின் மேலேயே எழுதிக்கொண்டிருந்தது! மென்பொருளை உருவாக்கியவருக்குத் தகவல் கொடுத்தேன், இப்போது அது கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறது. கையேடு எழுதப் போய் மென்பொருளே திருந்திய கதை இது. லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸுக்கு, 1971 நவம்பர் 3 தேதியிட்ட முதல் கையேட்டிலேயே அதை உருவாக்கிய கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் கமாண்டுகளுக்குப் பிழைகள் என்று தனித் தலைப்பு வைத்து, அதற்குப் பொறுப்பான ஆள் யார் என்றும் போட்டிருக்கிறார்கள்.

அதனால் கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கத்துக் கல்லூரிகளைக் கேட்டுக்கொள்கிறேன், ஒரு மேன் பேஜ் எழுதி அது அந்த மென்பொருளில் சேர்க்கப்பட்டால் அதை புராஜெக்ட்டாக எடுத்து மார்க் கொடுங்கள். மேன் பேஜ் எழுதுகிற, வரிக்கு வரி புள்ளி வைத்துத் தொடங்கும் அந்த ராஃப் வடிவத்தைப் பார்த்து மாணவர்கள் மிரள வேண்டாம், மார்க்டவுன் என்ற எளிய முறையில் எழுதிக் கொடுத்தால் பாண்டாக் என்ற மென்பொருள் மாற்றித் தரும். தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் இங்கிலீஷுக்குப் பயப்படவும் வேண்டாம், இதற்கு வேண்டியது சின்னச் சின்ன நேர் வாக்கியங்கள். ஜெர்மனிலும் ஜப்பானிய மொழியிலும் மேன் பேஜ்கள் இருக்கிற மாதிரி தமிழிலும் எழுதி அதற்குரிய ஃபோல்டரில் வைத்தால், தமிழில் அமைத்த கணினியில் மேன் கமாண்ட் அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டும்.

சனிக்கிழமை மதியத்துக்கு மேல் எனக்கு வேலை கம்மி. எந்தக் கல்லூரி கூப்பிட்டாலும் லேப்டாப்போடு வருகிறேன், முதல் பக்கத்தை மாணவர்களோடு உட்கார்ந்தே எழுதுவோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அவினாசி