லோடர் தூக்கவில்லை என்றதும் பம்பைக் கழற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செபராங் பிறையின் காய்கறித் தோட்டங்களிலும் சிறு செம்பனைத் தோட்டங்களிலும் மாட்டுப் பண்ணைகளிலும் 20 முதல் 40 குதிரைத்திறன் வரையுள்ள சிறிய டிராக்டர்கள் முன் லோடருடன் (முன்னால் பக்கெட் பொருத்திய தூக்கும் கருவியுடன்) ஓடுகின்றன. உரம் அள்ளுவது, சாணம் தள்ளுவது, வடிகால் மண்ணை ஒதுக்குவது எல்லாம் அதை நம்பித்தான். அந்த லோடர் ஒரு நாள் தூக்க மறுத்தால் உடனே காதில் விழும் சொல், “பம்ப் போச்சு.” ஆயிரக்கணக்கான ரிங்கிட் கொடுத்துப் புதுப் பம்ப் போட்ட பிறகும் பழுது அப்படியே இருக்கிறது என்று பட்டறைக்கு வருகிறவர்கள் குறைவில்லை. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக்கில், எண்ணெயைத் தள்ளும் பம்ப் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய பொருள். அதற்கு முன் உரிமையாளரே பார்க்கக்கூடியவை பல உண்டு. அவற்றைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில், பழுது எல்லாவற்றிலும் இருக்கிறதா, ஒன்றில் மட்டுமா என்று பிரித்துப் பாருங்கள். பெரும்பாலான சிறிய டிராக்டர்களில் ஒரே பம்பின் எண்ணெய் முதலில் லோடர் வால்வுக்குப் போய், பிறகுதான் பின்பக்கத் தூக்கிக்குப் போகிறது. லோடர், பின் தூக்கி இரண்டுமே மந்தம் என்றால் எண்ணெய், ஃபில்டர், உறிஞ்சு குழாய், பம்ப் என்று அந்தப் பக்கம் தேடவேண்டும். பின் தூக்கி நன்றாக இருந்து லோடர் மட்டும் தளர்ந்தால் லோடர் வால்வில் உள்ள ரிலீஃப் வால்வை (அழுத்தம் அளவு மீறாமல் எண்ணெயைத் திருப்பிவிடும் வால்வு) பாருங்கள். பூம் (பக்கெட்டைத் தாங்கும் கை) நன்றாகத் தூக்குகிறது, பக்கெட் மட்டும் மறுக்கிறது என்றால் பம்பைத் தொடவே வேண்டாம். இரண்டுக்கும் எண்ணெய் கொடுப்பது ஒரே பம்ப்தானே.

எண்ணெய் அளவைப் பலர் தப்பாகப் பார்க்கிறார்கள். சமதளத்தில் நிறுத்தி, பக்கெட்டைத் தரையில் வைத்து, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்துத்தான் அளவுக்கோலை உருவ வேண்டும். பூம் மேலே நிற்கும்போது பார்த்தால் சிலிண்டருக்குள் போன எண்ணெய் கணக்கில் வராது. குறைவு என்று நினைத்து மேலே ஊற்றிவிடுவீர்கள். கோலில் ஒட்டும் எண்ணெய் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மழையில் திறந்த வெளியில் நிற்கும் வண்டிகளில் கியர் லீவர் ரப்பர் உறை கிழிந்திருந்தால் அந்த வழியாகவே தண்ணீர் இறங்கும். அந்த எண்ணெயை முழுக்க வடித்து, ஃபில்டரை மாற்றி, வலைச் சல்லடையைக் கழுவித்தான் புது எண்ணெய் விட வேண்டும். ஒன்று முக்கியம்: இந்த வண்டிகளில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் பெரும்பாலும் ஒரே எண்ணெய்தான். கடையில் மலிவாகக் கிடைக்கும் 68 நம்பர் ஹைட்ராலிக் எண்ணெயை அதில் ஊற்றினால் லோடர் ஓடும். எண்ணெயில் மூழ்கியிருக்கும் பிரேக்கும் கியரும் கெடும். கையேடு சொல்லும் டிராக்டர் டிரான்ஸ்மிஷன் எண்ணெயைத்தான் வாங்க வேண்டும்.

எண்ணெயில் நுரை, கூடவே பம்பிலிருந்து முனகல் சத்தம் என்றால் காற்று உள்ளே போகிறது. காற்று நுழையும் இடம் பெரும்பாலும் உறிஞ்சு குழாயில் இருக்கும். அங்கே எஞ்சின் ஓடும்போது எண்ணெய் வெளியே சொட்டாது, அதனால் கண்ணுக்குத் தெரியாது. இணைப்புகள் ஒவ்வொன்றின் மேலும் கெட்டியாகக் கிரீஸ் பூசிப் பாருங்கள். எந்த இடத்தில் பூசியதும் சத்தம் மாறுகிறதோ அங்கே ஓ-ரிங் அல்லது கிளிப் போயிருக்கிறது. நுரை இல்லாமல் சத்தம் மட்டும் இருந்தால் சல்லடை அடைத்திருக்கலாம். முதல் ஃபில்டரை 50 மணி நேரத்தில் மாற்றச் சொல்லும் கையேடுகள் பல. அதைத் தவறவிடும் வண்டிகளில் இந்தச் சத்தம் சீக்கிரம் வரும்.

லோடரைக் கழற்றி மாட்டிய பிறகு வரும் கோளாறில் பெரும்பங்கு, ஹோஸைச் சட்டென்று மாட்டிக் கழற்ற உதவும் குவிக் கப்ளருடையது. பாதி நுழைந்த கப்ளர் உள்ளே இருக்கும் குண்டை முழுக்கத் தள்ளாது. எண்ணெய் ஒரு பக்கம் போகும், திரும்பி வராது. பூம் ஏறும், இறங்காது. அல்லது கொஞ்சமும் அசையாது. வெளி வளையம் ‘டிக்’ என்று முன்னால் வந்து உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள். வெயிலில் கிடந்த லோடரில் ஹோஸுக்குள் சிக்கிய எண்ணெய் விரிந்து அழுத்தம் ஏறி, கப்ளர் மாட்டவே முடியாமல் போகும். சுத்தியலால் தட்டாதீர்கள். பக்கெட் தரையில் இருக்க, ஹோஸின் மறுமுனை நட்டைத் துணியால் சுற்றி மெதுவாகத் தளர்த்தினால் அழுத்தம் கசிந்துவிடும். கழற்றும் முன்பே எஞ்சினை அணைத்து லீவரை நான்கு பக்கமும் ஆட்டி வைத்திருந்தால் பெரும்பாலும் இந்தத் தொல்லை வராது.

இனி, அதிகம் பணம் வீணாகும் இடம். தூக்கி வைத்த பூம் தானாக இறங்குகிறது என்றதும் சிலிண்டர் சீலை மாற்றச் சொல்கிறார்கள். பூம் சிலிண்டரில் சுமை, பிஸ்டனோடு இணைந்த தண்டை உள்ளே தள்ளுகிறது. பிஸ்டன் சீல் கிழிந்திருந்தாலும் தண்டு உள்ளே நுழைய, அதன் பருமன் அளவு எண்ணெய் சிலிண்டரை விட்டு வெளியேற வேண்டும். வால்வு இறுக்கமாக மூடியிருந்தால் அந்த எண்ணெய்க்குப் போக்கிடம் இல்லை. பூம் இறங்கவும் வழியில்லை. ஆகவே பூம் கணிசமாக இறங்கினால் வால்வின் ஸ்பூல் (உள்ளே நகர்ந்து எண்ணெய் வழியைத் திறந்து மூடும் உருளை) தேய்ந்திருக்கிறது, அல்லது வெளியே எங்கோ கசிகிறது. சீல் கிழிந்தால் வேறு ஓர் ஆபத்து உண்டு. 50 மில்லிமீட்டர் பிஸ்டன், 30 மில்லிமீட்டர் தண்டு உள்ள சிலிண்டரில், இரண்டு பக்கமும் எண்ணெய் ஒன்றானால் சுமையைத் தாங்குவது தண்டின் பரப்பு மட்டும்தான். அழுத்தம் ஏறத்தாழ 2.8 மடங்கு ஆகும். தேய்ந்த ஸ்பூல் அப்போது இன்னும் வேகமாகக் கசியும், பழைய ஹோஸ் வெடிக்கவும் கூடும். ஸ்பூல் வால்வு எதுவும் சொட்டுக்கூடக் கசியாமல் மூடாது. இரவு முழுக்க நிறுத்தினால் கொஞ்சம் இறங்குவது பழுது இல்லை. சுமையோடு பக்கெட்டை 30 சென்டிமீட்டர் உயரத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, 5 நிமிடத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து எழுதிவைத்தால் போமனிடம் (மெக்கானிக்கிடம்) காட்ட அதுவே போதும்.

பக்கெட் சிலிண்டரின் கதை வேறு. பெரும்பாலான லோடர்களில் அங்கே சுமை தண்டை வெளியே இழுக்கிறது. அதனால் கிழிந்த சீலே பக்கெட்டைக் கவிழவிடும். இதைச் சோதிப்பது எளிது. பக்கெட்டை முழுக்கக் கவிழ்த்து அதன் உதடு தரையில் பட நிறுத்துங்கள். எஞ்சினை அணைத்து அழுத்தத்தை விடுவித்து, ஒரு சிலிண்டரின் தண்டுப் பக்க ஹோஸைக் கழற்றி அந்த ஹோஸ் முனையை அடைப்பான் போட்டு மூடுங்கள். திறந்திருக்கும் துளையின் கீழ் டின் வையுங்கள். நீங்கள் எட்ட நிற்க, இன்னொருவர் இருக்கையிலிருந்து எஞ்சினைக் கிளப்பி லீவரைக் கவிழ்க்கும் பக்கம் சில விநாடி பிடிக்கட்டும். முதலில் மிச்ச எண்ணெய் வடிந்து நின்றால் சீல் நல்லது. ஓடிக்கொண்டே இருந்தால் போய்விட்டது. அடுத்த சிலிண்டரையும் இப்படியே பாருங்கள். பூம் சிலிண்டருக்கு இதைச் செய்யப் பூமை முழுக்க உயர்த்த வேண்டியிருப்பதால், இரும்பு முட்டு இல்லாமல் வீட்டில் முயலக்கூடாது.

பக்கெட்டைக் கவிழ்த்ததும் தொப்பென்று விழுந்து, பிறகு ஒரு நொடி தாமதித்துத்தான் தரையை அழுத்துகிறது என்பது பழுதே அல்ல. சுமை இழுக்கும் வேகத்துக்குப் பம்பால் சிலிண்டரை நிரப்ப முடியவில்லை. எஞ்சின் வேகத்தைக் கூட்டி, லீவரை மெதுவாகத் தள்ளினால் சரியாகும்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் பிரஷர் கேஜ். 350 பார் (அழுத்த அலகு) வரை காட்டும் கேஜைப் பூம் கப்ளரில் மாட்டி, எஞ்சினை வேலை வேகத்தில் ஓடவிட்டு, லீவரைத் தூக்கும் பக்கம் 2, 3 விநாடி பிடியுங்கள். அதற்கு மேல் பிடித்தால் எண்ணெய் சூடேறும். சிறிய டிராக்டர்கள் பலவற்றில் 140 முதல் 180 பார் வரை வரவேண்டும். உங்கள் வண்டிக்குரிய எண் கையேட்டில் இருக்கும். அழுத்தம் சரி, வேகம் மட்டும் குறைவு என்றால் உறிஞ்சு பக்கத்தில் அடைப்பு இருக்கலாம். அழுத்தமே ஏறவில்லை என்றால் ரிலீஃப் வால்வைக் கழற்றிப் பாருங்கள். ஒரு மணல் துகள் சிக்கினாலே போதும். எண்ணெய் குளிர்ந்திருக்கும்போது ஓரளவு தூக்கி, சூடானதும் படுத்துவிட்டால்தான் பம்ப் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பலம் கூட்டுகிறேன் என்று ரிலீஃப் வால்வை இறுக்கிவிடுவதை யாரும் அனுமதிக்காதீர்கள்: பூம் வளையும், முன் அச்சின் சீல்கள் போகும், பின் சக்கரம் தரையை விட்டு எழும்பும்.

ஹோஸ் மாற்றும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். ஜப்பானிய வண்டிகளில் ஹோஸ் இணைப்பு முனை பெரும்பாலும் 30 பாகைக் கூம்பு. கடையில் எளிதில் கிடைப்பதோ 37 பாகைக் கூம்பாக இருக்கலாம். மரை ஏறியது போலத் தோன்றும், அழுத்தம் வந்ததும் கசியும். அந்தக் கசிவை நிறுத்த டெஃப்லான் டேப் சுற்றினால் அதன் துணுக்கு ஸ்பூலில் போய்ச் சிக்கும்.

கசிவைக் கையால் தடவித் தேடுவதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. ஊசித்துளை வழியாகப் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். முதலில் வலி கூடப் பெரிதாக இருக்காது. அட்டைத் துண்டைப் பிடித்துத்தான் தேட வேண்டும். எண்ணெய் தோலுக்குள் போய்விட்டால், காயம் எவ்வளவு சிறிதானாலும், செபராங் ஜெயா மருத்துவமனையோ பினாங்குப் பொது மருத்துவமனையோ, உடனே போய், “அழுத்தத்தில் எண்ணெய் உள்ளே போயிருக்கிறது” என்று சொல்லுங்கள். சில மணி நேரத் தாமதம் விரலையே பறிக்கும்.

ஜப்பானிலிருந்து வரும் பழைய டிராக்டர்கள் ஜப்பானிய எழுத்து ஸ்டிக்கரோடு, கையேடு இல்லாமலே கைமாறுகின்றன. விற்பவர்களிடம் ஒரே வேண்டுகோள்: ரிலீஃப் அழுத்தம், எண்ணெயின் வகையும் லிட்டர் அளவும், ஃபில்டர் எண் ஆகியவற்றை ஒரு தாளில் தமிழிலோ மலாயிலோ எழுதி வண்டியோடு கொடுங்கள். வாங்குபவர்களும் அந்தத் தாள் கைக்கு வந்த பிறகு முன்பணம் கட்டுங்கள்.

இப்படிக்கு,
டிராக்டர் பழுதுபார்ப்பாளர்,
சுங்கை பாக்காப், பினாங்கு