கடிக்கும் அணிலை ஏன் அடிக்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

பாலூட்டி வளர்த்த அணில் திடீரென்று கையைக் கடிக்கிறது, என்ன செய்வது என்று பெரம்பூர் வாசகி ஒருவர் உங்கள் பத்திரிகையின் இந்தப் பகுதியில் கேட்டிருந்தார். அவருக்கு வந்த யோசனைகளைப் படித்து எனக்குக் கோபம்தான் வந்தது. மூக்கில் சுண்டுங்கள், விரலில் மிளகாயைத் தடவிக்கொள்ளுங்கள், ஒரு வேளை பட்டினி போடுங்கள்! நன்றாக வளர்ந்தாலும் நூறு கிராம் எடைதான் வரும் பிராணி அது. அதனிடம் நம் வீரத்தைக் காட்ட வேண்டுமாம்.

நான் புரசைவாக்கத்தில் ஒரு கால்நடை மருத்துவரிடம் கம்பவுண்டராக இருந்து ஓய்வுபெற்றவன். மழைக்காலத்துக்கு முன்பு தெருவில் மரக்கிளைகளைக் கழிக்கும் நாட்களில் அட்டைப்பெட்டிகளில் அணிற்பிள்ளைகள் வந்துவிடும். ஏசி பெட்டிக்குப் பின்னால் இருந்த கூட்டைக் கலைத்துவிட்டு எடுத்து வருபவர்களும் உண்டு. சில மாதங்கள் போனால் அதே ஆட்கள் விரலில் கட்டுடன் வந்து நிற்பார்கள். "நன்றி கெட்ட ஜென்மம் சார்" என்பார்கள்.

நன்றிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நம் ஊர் அணில் சுமார் பத்து வாரத்தில் பால் மறக்கும். ஒன்பது மாதத்தில் பருவத்துக்கு வரும். வளர வளரத் தன் தீனி, தன் கூடு என்று காவல் காக்கத் தொடங்கும். அப்போது கூட்டுக்குள் நுழையும் கை யாருடையதானாலும் எதிரியின் கைதான். மேலிருந்து இறங்கும் கை அதற்குப் பருந்து. வேர்க்கடலை வாசம் வீசும் விரலோ தீனி. இராமர் தடவிக்கொடுத்தபோது அது பேசாமல் இருந்திருக்கலாம். அதை நம்பி நாமும் தடவ வேண்டியதில்லை.

இதையெல்லாம்விட முக்கியமானது வலி. அதைப் பற்றி யோசனை சொன்னவர்களில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. சாதுவாக இருந்த அணில் கடிக்கிறது என்றால் எங்கள் டாக்டர் முதலில் அதன் பல்லைத்தான் பார்ப்பார். அணிலின் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்பவை; கடினமானதைக் கொறித்தால்தான் தேயும். பிஸ்கட்டும் பால்சோறும் மட்டும் தின்னும் அணிலுக்கு அவை நீண்டு வளைந்து வாயைக் குத்தும். இன்னொன்று எலும்பு. வெறும் வேர்க்கடலையும் பிஸ்கட்டும் தின்று, வெயிலே படாமல் வளர்ந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து எலும்பு பலவீனமாகிவிடும். பின்னங்காலைத் தொட்டாலே வலிக்கும். வலித்தால் கடிக்காமல் என்ன செய்யும்? சுண்ணாம்புச் சத்துக்காக, பறவைத் தீனிக் கடைகளில் கிடைக்கும் கடல்நுரைத் துண்டு (கணவாய் ஓடு) ஒன்றைக் கூண்டில் வையுங்கள். பழமும் கீரையும் கொடுங்கள். கொறிக்கப் பட்டையோடு மரக்குச்சி போடுங்கள்.

கடித்தால் கையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. காயம் கிழிந்து பெரிதாகும். தீனியை விரலால் நீட்டாமல் கிண்ணத்தில் வையுங்கள். தூங்கும் இடத்தில் கை விடாதீர்கள். தானாக வெளியே வரட்டும். உடல்நலம் சரியாக இருந்தால் கூண்டை மாடியில், பூனை எட்டாத நிழலான இடத்துக்கு மாற்றி, சில வாரம் பழகிய பிறகு கதவைத் திறந்துவிடலாம். தீனியை மட்டும் அங்கேயே வைத்து வாருங்கள். பூங்காவில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவதை விடுதலை என்று சொல்லாதீர்கள்.

கடிபட்டவர்கள் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். அணில், எலி போன்றவற்றுக்கு வெறிநோய் இருப்பது மிக மிக அரிது. ஆனாலும் டெட்டனஸ் ஊசி உட்பட எது தேவை என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

"பறக்கும் அணில்" என்று சொல்லி விற்கும் ஜோடியை ஆசையாக வாங்கி வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. என் உறவினர் வீட்டுக்கு அப்படி வந்தது ஆஸ்திரேலியா, நியூ கினி பக்கத்து சுகர் கிளைடர். அது அணிலே இல்லை, கங்காருவைப் போல் வயிற்றுப் பையில் குட்டியைச் சுமக்கும் இனம். இரவில் விழித்திருக்கும் அதைப் பகலில் எழுப்பிக் கொஞ்சினால் கடி நிச்சயம். மேற்குத் தொடர்ச்சி மலையின் உண்மையான பறக்கும் அணில்களோ 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.

பெரம்பூர் வாசகி தன் அணிலை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எடுத்துப் போகலாம், தூரமில்லை. அது தினமும் என்ன தின்கிறது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகட்டும். டாக்டர் அதைத்தான் முதலில் கேட்பார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கம்பவுண்டர்,
புரசைவாக்கம், சென்னை.