கடல் தெரிந்தவர் வேண்டும்

ஆசிரியருக்கு,

மாநிலப் பேரிடர் மேலாண்மைக்குத் தலைமை ஏற்பவருக்கு எத்தகைய பணி அனுபவம் தேவை என்ற தங்கள் தலையங்கம் படித்தேன். நிர்வாகத் திறமை இருந்தால் போதும் என்கிறார்கள் சிலர். நிவாரணம் வழங்க அது போதும், சரி. புயலுக்கு முந்தைய இரவில் முடிவெடுக்கப் போதாது. பாம்பனில் வாடைக் காற்றில் வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) கொந்தளித்தால் நாங்கள் நாட்டுப்படகுகளைத் தென்கடல் (மன்னார் வளைகுடா) கரைக்கு மாற்றுவோம். புயல் எங்களுக்கு வடக்கே கரையைக் கடந்தால் காற்று திரும்பித் தெற்கிலிருந்து வீசும். பத்திரம் என்று கட்டிய படகுகள்தான் அப்போது ஒன்றோடொன்று மோதி உடையும். என் உறவினர் ஒருவர் தன் வள்ளத்தை அப்படித்தான் இழந்தார். ‘பலத்த காற்று வீசும்’ என்று மட்டும் வந்த எச்சரிக்கை, காற்று எப்போது எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்லவில்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை இழந்த கரை இது. 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதையும் பார்த்தோம்.

எனவே, கடலோர மாவட்டத்தில் ஒரு வடகிழக்குப் பருவமழைக் காலத்தையாவது களத்தில் எதிர்கொண்டவரையே இப்பொறுப்பில் அமர்த்த வேண்டும். இடையில் மாற்றவும் கூடாது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், நேரடி அனுபவம் உள்ளவர்களைக் கொண்ட ஆலோசனைக் குழுவை அமைக்க மாநில ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. அதில் வானிலை அறிஞர், ஓய்வுபெற்ற கடலோரக் காவல்படை அதிகாரி, அப்புறம் பாக் நீரிணை, மன்னார் வளைகுடா இரண்டிலும் தொழில் செய்த மூத்த மீனவர் ஆகியோரை அடுத்த பருவமழைக்கு முன் அரசு சேர்க்க வேண்டும்.

- வாசகர், பாம்பன்