ஔலுவிலிருந்து சித்தப்பாவுக்கு: பனியில் ஓட்டுகிற சைக்கிள்

ஔலு, பின்லாந்து
தை மாதம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே நான் நலம். நீங்கள், சித்தி, ஆச்சி, தம்பி எல்லோரும் நலந்தானே? பொங்கலன்று போனில் நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்ல வாயெடுத்தேன். "கடையில ஆள் நிக்கு, அப்புறம் பேசுவோம்" என்று வைத்துவிட்டீர்கள். அதனால்தான் கடிதம். கடையில் எத்தனை பேர் நின்றாலும் இது பாதியில் கட் ஆகாது.

"ஐஸ் மேல சைக்கிள் ஓட்டுதியாமே, ஒனக்கு மூளை இருக்கா? ஒரு கார வாங்க வேண்டியதுதான?" இதுதானே கேள்வி. நீங்களே இதைக் கேட்டதுதான் எனக்கு ஆச்சரியம். கல்லிடைக்குறிச்சியில் இத்தனை வருஷமாகச் சைக்கிள் கடை வைத்திருப்பவர் காருக்குச் சிபாரிசு செய்யலாமா? அதோடு தம்பியும் ஆகஸ்டில் இங்கே படிக்க வரப்போகிறான். நாலு இஞ்ச் அகல டயர் போட்ட வண்டி ஒன்றின் படத்தை அனுப்பி, "அண்ணே, இதானே வாங்கணும்?" என்று கேட்டிருக்கிறான். இரண்டு பேருக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். ஔலு 65 டிகிரி வடக்கில், பொத்னியா வளைகுடாக் கரையில் இருக்கிறது. மார்கழியில் மிகக் குறுகிய நாளில் சூரியன் மூன்றரை மணி நேரம்தான் தலைகாட்டும். தை மாதத்தில் மைனஸ் 10 சாதாரணம், சில வாரம் மைனஸ் 25 வரை இறங்கும். இந்த ஊரில்தான் 800 கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள் பாதை. பனிக்காலச் சைக்கிளுக்கென்றே ஒரு சர்வதேச மாநாடு 2013-இல் முதன்முதலாக இங்கேதான் கூடியது. காலையில் பள்ளிக்கூடத்து வாசலில் வரிசையாக நிற்கிற சைக்கிள்களைப் பார்த்தால் அம்பை பஸ் ஸ்டாண்ட் சைக்கிள் ஸ்டாண்டு தோற்றுவிடும். கூட்டம் பார்த்து ஓட்டுகிறவன் நான் இல்லை. ஆனாலும் எட்டு வயதுப் பிள்ளை மிதித்துக்கொண்டு போகிற பாதையில் நான் காரில் உட்கார்ந்து போக வெட்கமாக இருந்தது.

தம்பியிடம் முதலில் சொல்ல வேண்டியது இது: பனி நமக்கு எதிரி இல்லை. மைனஸ் 15-இல் பாதைப் பனி இறுகிக் கெட்டித் தரையாகிவிடும், டயர் நன்றாகப் பிடிக்கும். தொந்தரவெல்லாம் பூஜ்ஜியத்துக்கு அக்கம்பக்கத்தில்தான். பகலில் உருகி ராத்திரி உறைந்தால் பாதை முழுக்கக் கண்ணாடி. வண்டிக்கும் அப்போதுதான் கேடு. உருகிய தண்ணீர் கேபிளுக்குள்ளும் சக்கர நடுவில் இருக்கிற ஹப்புக்குள்ளும் பூட்டுக்குள்ளும் போய் உட்கார்ந்து, மறுபடி ஐஸாகிவிடும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணித் தண்ணீர் ஏறிய வண்டிகளையெல்லாம் கடைக்குக் கொண்டுவந்து போட்டார்களே, ஒவ்வொரு ஹப்பாகக் கழற்றி வண்டலைக் கழுவி, உள்ளே உருளுகிற பால்ரஸ் குண்டுகளை மாற்றினீர்களே, இங்கே அந்த வேலை வருஷா வருஷம் வருகிறது. அதனால் நான் வண்டி தேடும்போது வேகத்தையோ எடையையோ பார்க்கவில்லை. தண்ணீர் எங்கே நுழையும், நுழைந்தால் நானே கழற்ற முடியுமா என்று மட்டும்தான் பார்த்தேன்.

தம்பி படம் அனுப்பிய அகல டயர் வண்டி காட்டுக்குள்ளும் உறைந்த கடல் மேலும் ஓட்டுகிறவர்களுக்கு ஆகும். பாதையைத் தினமும் வழித்துவிடுகிற ஊரில் அது வீண் சுமை. ரேஸ் வண்டியும் ஆகாது. டயருக்கும் பிரேமுக்கும் நடுவே விரல் நுழைய இடம் இருக்காது, ஐஸுக்கான ஆணி டயரும் மட்கார்டும் எங்கே போடுவது? இரண்டுக்கும் நடுவில் 'ஆல்ரோடு' என்று ஒரு ஜாதி இருக்கிறது. தார் ரோட்டில் சுமாரான வேகம் போகும், ஜல்லிப் பாதையிலும் போகும், 45 மில்லிமீட்டர் டயர் வரை இடம் கொடுக்கும். அப்படி ஒரு இரும்பு பிரேமைப் பழசாகத் தேடி வாங்கினேன். குரோமோலி என்கிற கலப்பு எஃகுக் குழாய். "துருப் பிடிக்காதா?" என்பீர்கள். பிடிக்கும். அதற்காகக் குழாய்க்குள்ளே ஆளிவிதை எண்ணெயை ஊற்றி, எல்லாப் பக்கமும் உருட்டி, சொட்டவிட்டுக் காய வைத்தேன். அது காய்ந்து மெல்லிய தோலாகப் படிந்துகொள்ளும். பெடல் அச்சு உட்காருகிற பி.பி. கப்புக்கு அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை இருக்கிறதா என்றும் பார்த்துத்தான் வாங்கினேன். சீட் பைப் அலுமினியம், பிரேம் இரும்பு. நடுவில் கிரீஸ் இல்லாவிட்டால் இரண்டு பனிக்காலத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு சீட் பைப்பை அறுத்து எடுக்க வேண்டிவரும்.

அடுத்து டயர். டயரில் ஆணி என்றால் நமக்குப் பஞ்சர், பத்து நிமிஷ வேலை. இங்கே ஆணியோடுதான் டயரே வருகிறது. டங்ஸ்டன் கார்பைடு முனை, ஐஸைக் கடித்துப் பிடிக்கும். இதில் பழைய பெயர் எது தெரியுமா? நோக்கியா. டார்ச் லைட் வைத்த 1100 போனை நீங்கள் எத்தனை வருஷம் விடாமல் வைத்திருந்தீர்கள்! அந்தக் கம்பெனியோடு 1967-இல் ஒரு ரப்பர் தொழிற்சாலையும் சேர்ந்தது, பிற்பாடுதான் டயர் தனியாகப் பிரிந்தது. அவர்களுடைய 'ஹக்கபெலித்தா' சைக்கிள் டயரில் 106 ஆணி வைத்ததும் உண்டு, 240 வைத்ததும் உண்டு. 106 பனிப் பாதைக்குப் போதும். கண்ணாடி ஐஸ் உள்ள நாளுக்கு 240. நான் 240 போட்டிருக்கிறேன். தார் தெரிகிற இடத்தில் மழை பெய்கிற மாதிரி சத்தம் வரும், மிதிக்கவும் கொஞ்சம் கனக்கும், அவ்வளவுதான். தம்பியிடம் காசு ஒரு டயருக்குத்தான் இருக்கிறதென்றால் முன் சக்கரத்துக்கு வாங்கட்டும். பின்சக்கரம் வழுக்கினால் சமாளிக்கலாம், முன்சக்கரம் வழுக்கினால் ஆள் கீழே. புது டயரை முதல் 40, 50 கிலோமீட்டர் தார் ரோட்டில் மெதுவாக ஓட்ட வேண்டும், சட்டென்று பிரேக் பிடிக்கக் கூடாது. ஆணி ரப்பருக்குள் நன்றாக உட்கார்ந்த பிறகு ஐஸில் இறக்கலாம்.

ஊரிலிருந்து டயர் மட்டும் கொண்டுவர வேண்டாமென்று சொல்லுங்கள். இங்கேயும் '28 இஞ்ச்' என்றுதான் எழுதியிருக்கும், ஆனால் ரிம் வேறு. நம் கடை வண்டியின் 28-க்கு ரிம் 635 மில்லிமீட்டர், இங்கே 622. ஒன்று மற்றதில் ஏறாது.

மட்கார்டை டயரை ஒட்டி வைத்தால் அழகாக இருக்கும், ஆனால் பனி இடுக்கில் அடைத்து, நின்ற இடத்தில் உறைந்து சக்கரமே பூட்டிக்கொள்ளும். நாலு பக்கமும் தாராளமாக இடம் விட்டு, டயரைவிட நல்ல அகலமாகப் போட்டேன்.

இப்போது நீங்கள் ரசிக்கப்போகிற இடத்துக்கு வருகிறேன். போன பனிக்காலம் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் மைனஸ் 20-இல் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். செயின் அறவில்லை, பஞ்சரும் இல்லை. மிதித்தால் பெடல் முன்னாலும் பின்னாலும் சும்மா சுற்றுகிறது. எனக்குக் கேட்டவுடனே புரிந்துவிட்டது: பின்சக்கரத்து ஃப்ரீவீலுக்குள் கிரீஸ் குளிரில் பிசினாக இறுகி, உள்ளே சக்கரத்தைப் பிடித்துச் சுற்றவைக்கும் சின்னப் பல்லை எழும்பவிடாமல் ஒட்ட வைத்துவிட்டது. "ஃப்ரீவீலுக்குக் கிரீஸ் வைக்காதல, எண்ணெய் விடு" என்று நீங்கள் என் தலையில் குட்டியது நினைவு வந்தது. கழுவி, குளிர் தாங்கும் மெல்லிய எண்ணெய் விட்டுக் கொடுத்தேன். அதிலிருந்து அலுவலகத்தில் நான்தான் மெக்கானிக். சம்பளத்தில் ஒன்றும் கூட்டவில்லை, காபிதான் வாங்கித் தருகிறார்கள்.

என் வண்டிக்குப் பனிக்காலத்தில் ஒரே கியர்தான். முன்னால் 40 பல், பின்னால் 18. பின்பக்கம் கியர் மாற்றும் கரம் தொங்கினால் சேறும் பனியும் அதில் அப்பி உறைகிறது. ஊரோ தட்டையான ஊர், மாஞ்சோலை ஏற்றமா இருக்கிறது? பின்சக்கரம் மாட்டுகிற பிரேமின் பின்காதை முன்னும் பின்னும் நகர்த்தலாம், அதனால் ஒற்றைக் கியரில் செயினை இழுத்துக் கட்ட முடிகிறது. மே மாதம் வந்தால் பின்காதை மாற்றி, கியர் வைத்த வேறு ஒரு ஜோடிச் சக்கரத்தையும் 35 மில்லிமீட்டர் வழவழ டயரையும் போட்டுவிடுவேன். ஒரு பிரேம், இரண்டு ஜோடிச் சக்கரம். இரண்டு வண்டி வாங்குவதைவிட இது மலிவு, வைக்கவும் இடம் மிச்சம்.

பனிக்காலச் சக்கரத்தை நானே கட்டினேன். நம் வண்டிக்கு முன்னால் 32, பின்னால் 40 போக்ஸ் கம்பி போடுவோமே, இங்கே இரண்டுக்கும் 36 போட்டேன். கம்பியை ரிம்மில் இறுக்குகிற நிப்பிள் பித்தளை. எடை குறைவு என்று அலுமினிய நிப்பிளைக் கடைக்காரர் எடுத்துக் காட்டினார், உப்புக்கும் ஈரத்துக்கும் அது பொடிந்துபோகும் என்று மறுத்துவிட்டேன். கடும் குளிரில் உப்பு வேலை செய்யாது, அதனால் இங்கே சைக்கிள் பாதையில் பெரும்பாலும் பொடி ஜல்லிதான் தூவுகிறார்கள். ஆனாலும் கார் ரோட்டைக் கடக்கும் இடத்தில் உப்பு ஒட்டத்தான் செய்யும். இந்த ஊர்க்காரர்கள் போக்ஸ் இறுக்கம் பார்க்க மீட்டர் வைத்திருக்கிறார்கள். நான் விரலால் தட்டிச் சத்தம் கேட்டேன். பிறகு ஒருவரிடம் மீட்டர் வாங்கி வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. இதைக் கடையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படியுங்கள்.

பிரேக்குக்கு ரிம்மைப் பிடிக்கிற கட்டை வேண்டாமென்று விட்டேன். ரிம்மில் ஐஸ் படிந்தால் பிடிக்காது, ஜல்லிப்பொடி ரிம்மைத் தேய்த்துவிடும். மோட்டார் சைக்கிள் மாதிரி ஹப் பக்கத்தில் தட்டு, கேபிளில் இழுப்பது. எண்ணெயில் வேலை செய்யும் பிரேக் இன்னும் மென்மை என்பது உண்மைதான், ஆனால் மினரல் எண்ணெய் கடும் குளிரில் தடித்துவிடும். ரிப்பேர் என்றாலும் தனி சாமான் வேண்டும். கேபிளென்றால் சமையலறையிலேயே மாற்றிவிடலாம். வெளி உறையை இடையில் விடாமல் முழு நீளத்துக்கும் ஓடவிட்டேன், தண்ணீர் நுழையாமல் இருக்க.

விளக்கு இங்கே அலங்காரம் இல்லை. இருட்டில் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு கட்டாயம், பின் விளக்குக்கு 2020 ஜூனிலிருந்து சட்டம். பாட்டரி குளிரில் சீக்கிரம் சோர்ந்துபோகும். டயரில் உரசுகிற நம் குப்பி டைனமோ பனியில் வழுக்கும். நான் போட்டிருப்பது முன் ஹப்புக்குள்ளேயே டைனமோ, 6 வோல்ட், 3 வாட். உரசல் இல்லை, சத்தம் இல்லை, சக்கரம் சுற்றினால் விளக்கு. வண்டியிலேயே அதிகக் காசு போனது இதற்குத்தான், நல்ல செலவு. ஹேண்ட்பார் வளைந்ததில்லை, நேர்பார். அதில் பிரேக் லீவரோடு சேர்த்துக் கை நுழைக்கிற பெரிய உறை மாட்டியிருக்கிறேன். பார்க்க அசிங்கம்தான். ஆனால் உள்ளே மெல்லிய கையுறையே போதும், விரல் மரத்துப்போகாது.

சித்தி ஒன்று கேட்பார்கள்: ராத்திரி வண்டியை வீட்டுக்குள் எடுத்து வைக்கிறாயா என்று. மாட்டேன். வெதுவெதுப்பில் பனி உருகி உள்ளே இறங்கும், காலையில் வெளியே எடுத்ததும் உறையும். குளிர்ந்த கொட்டகையிலேயே கிடந்தால்தான் வண்டிக்கு நல்லது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் உள்ளே கொண்டுவந்து, துடைத்து, நன்றாகக் காயவிட்டு, செயினுக்கு எண்ணெய் விட்டு மறுபடி வெளியே வைக்கிறேன்.

சரி, இப்போது நான் கேட்பது. தம்பிக்குப் பரீட்சை முடிந்ததும் சித்திரை, வைகாசி இரண்டு மாதம் கடையில் உட்கார வையுங்கள். பஞ்சர் ஒட்ட மட்டும் விடாதீர்கள். ஒரு சக்கரத்தை முழுக்கப் பிரித்துக் கோர்த்துக் கோட்டம் எடுக்கட்டும். கோன், கப் கழற்றிப் பால்ரஸ் மாற்றட்டும். ஒரு வண்டியை அவனே ஓவராயில் பண்ணட்டும், நீங்கள் கை வைக்காதீர்கள். இங்கே ஒரு மணி நேர ரிப்பேர்க் கூலி மாணவனுக்கு ஒரு வாரச் சாப்பாட்டுச் செலவை விழுங்கிவிடும். பிரேம் நான் பார்த்து வைக்கிறேன், அவன் உயரத்தை மட்டும் அளந்து சொல்லுங்கள், காலின் உள்பக்க நீளத்தோடு. இங்கே நேரம் உங்களுக்கு மூன்றரை மணி பின்னால். ஞாயிறு மதியம் அவனைக் கூப்பிடச் சொல்லுங்கள், அந்நேரம் உங்களுக்கும் கடையில் ஆள் இருக்காது.

ஆச்சிக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்

பி.கு.: வண்டிக்கு மொத்தம் எவ்வளவு ஆனது என்று நீங்கள் கேட்பீர்கள். தம்பியிடம் தனியாகச் சொல்லியிருக்கிறேன். ரூபாயில் பெருக்கிப் பார்த்துச் சித்தியிடம் சொல்ல வேண்டாம். சித்தி அனுப்பிய அப்பளக்கட்டில் ஒன்றுகூட உடையாமல் வந்து சேர்ந்தது.