தேதி தாண்டினால் என்ன செய்வீர்கள்? முன்பே சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எனக்கு இது தலைப்பிரசவம், காரிமங்கலம் பக்கத்தில் அம்மா வீட்டில் இருக்கிறேன். டாக்டர் கொடுத்த தேதி போய்விட்டது, வலியைக் காணோம். 41 வாரம் ஆனதும் அட்மிட் ஆகிவிடுங்கள், மருந்து வைத்து வலி வர வைக்கலாம் என்று போன செக்கப்பில் சொன்னார்கள். சரி, செய்யட்டும். மாதாமாதம் போய் எடை பார்த்து, பி.பி. பார்த்து, ரத்தம் கொடுத்துவிட்டு வந்தவளிடம், தேதி தாண்டினால் இப்படி ஒரு வழி இருக்கிறது என்று ஒருவரும் ஏன் முன்பே சொல்லவில்லை என்றுதான் கேட்கிறேன். கடைசி நேரத்தில் வராந்தாவில் நிற்க வைத்து, 'ஜெல் வைக்கணும், வீட்டுல கேட்டுட்டு வந்து கையெழுத்துப் போடுங்க' என்றால் வீட்டில் யாருக்கு என்ன தெரியும்?

வீட்டில் தெரிந்ததெல்லாம் வேறு. வயிறு லேசாகப் பிடித்தால் சீரகக் கஷாயம் வந்துவிடுகிறது. குடித்து அடங்கினால் சூட்டு வலி, அடங்காவிட்டால் நிஜ வலி. அதில் கெடுதல் ஒன்றும் இல்லை, குடித்துவிடுகிறேன். விளக்கெண்ணெய் குடித்தால் உடனே வந்துவிடும் என்று சித்தி ஒருத்தி பாட்டிலோடு வந்தார். பேதியாகி உடம்பில் தண்ணீர் வற்றுவதுதான் மிச்சம் என்று கிராம செவிலியர் சத்தம் போட்ட பிறகுதான் அது நின்றது. 'இன்னும் ஆகலையா' என்று வருகிற போன்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். தூக்கத்தைக் கெடுப்பது, 'ஜெல் வெச்சாலே கடைசியில கத்திதான்' என்று ஆளாளுக்குச் சொல்வது.

இந்தப் பயம் சும்மா வந்ததில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன், தனியார் ஆஸ்பத்திரிகளை மட்டும் எடுத்தால் 63.8 சதவீதம். தெருவுக்கு நாலு பேர் தையல் கதை சொல்லத்தான் செய்வார்கள். ஆனால் பழியைத் தூக்கி ஜெல் மேல் போடுவதில் எனக்குச் சம்மதமில்லை. அமெரிக்காவில் ஆரோக்கியமாக இருந்த, 6,000-க்கும் மேற்பட்ட தலைப்பிரசவப் பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு 39-வது வாரத்திலேயே வலி வர வைத்து, இன்னொரு குழுவைக் காத்திருக்க விட்டுப் பார்த்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். வலி வர வைத்தவர்களில் 18.6 சதவீதம் பேருக்குச் சிசேரியன், காத்திருந்தவர்களில் 22.2 சதவீதம். அந்த ஊர் வார்டும் நம் ஊர் வார்டும் ஒன்றில்லை, அதனால் இங்கேயும் 39 வாரத்திலேயே எல்லோருக்கும் வையுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. உலக சுகாதார நிறுவனமும் வேறு சிக்கல் இல்லாதவர்களுக்கு 41 வாரம் ஆன பிறகுதான் பரிந்துரைக்கிறது. சர்க்கரை, பி.பி. இருப்பவர்களுக்கு டாக்டர் முன்பே முடிவு செய்யலாம், அது வேறு கணக்கு.

ஏன் அதற்கு மேல் காத்திருக்கக் கூடாது என்பதையும் யாராவது உட்கார வைத்துச் சொல்லலாம். நாள் கடக்கக் கடக்க நஞ்சுக்கொடியின் வேலை குறையலாம், பனிக்குட நீர் குறையலாம், குழந்தை உள்ளேயே மலம் கழித்து அது மூச்சுக்குள் போகலாம். வயிற்றிலேயே குழந்தை இறந்துபோகும் ஆபத்து சின்னதுதான் என்றாலும் 41, 42 வாரம் தாண்டும்போது கூடுகிறது. 'நாள் நெருங்கினா குழந்தை அடங்கிடும்' என்று நம் பக்கம் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு யாரும் சும்மா இருக்க வேண்டாம். அப்படி அடங்கக் கூடாது, அசைவு குறைந்தால் தேதியும் பார்க்காமல் நேரமும் பார்க்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும்.

அடுத்தது அந்தத் தேதியே சரிதானா என்பது. கடைசியாகத் தலைக்குக் குளித்த மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாள் கூட்டிச் சொல்கிறார்கள், அன்றைக்கே பிறக்கிற குழந்தை நூற்றுக்கு நாலைந்துதான். எங்கள் பக்கம் 'மா பூத்த சமயத்துல குளிச்சது' என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், மாதம் தவறித் தவறி வருகிறவர்களும் உண்டு. மூன்றாம் மாத ஸ்கேன் இருந்தால் தேதி ஓரளவு உறுதி. ஒன்பதாம் மாதம் முதல் ஸ்கேன் எடுத்தால் இரண்டு மூன்று வாரம் கூட முன்னே பின்னே போகும். எந்த ஸ்கேனை வைத்துத் தேதி போட்டார்கள் என்பதை அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தால் நடு இரவில் பார்க்கிற டாக்டருக்கும் அது உதவும்.

நான் முதலில் காட்டிய ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், இந்தத் தேதி எப்படி வந்தது என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. 'நல்ல நட்சத்திரமா பார்த்துட்டு வாங்க, எடுத்துடலாம்' என்றார்கள். வலிக்கே இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் ஜாதகம்! அங்கே அதோடு சரி.

அப்புறம், மருந்து வைத்தவுடனே குழந்தை வந்துவிடாது. முதலில் கர்ப்பவாய் இளகியிருக்கிறதா என்று கை வைத்துப் பார்ப்பார்கள். இளகாவிட்டால் ஜெல் அல்லது மாத்திரை, சில இடங்களில் நுனியில் பலூன் உள்ள ரப்பர் டியூப். வாய் கொஞ்சம் திறந்த பிறகு தேவைப்பட்டால் பனிக்குடத்தை உடைத்து டிரிப்ஸில் வலி மருந்து ஏற்றுவார்கள். தலைப்பிரசவத்துக்கு ஒரு நாள் முழுக்க ஆகலாம், அதற்கு மேலும் போகலாம். இது தெரியாமல் காலையில் ஜெல் வைத்தவளுக்குச் சாயங்காலம் வரை ஒன்றும் ஆகவில்லையென்றால், வெளியே நிற்கிற மாமனாரும் சித்தப்பாவும் சேர்ந்து 'ஆபரேஷன் பண்ணிடுங்க, புள்ள கஷ்டப்படுறா' என்று டாக்டரை நெருக்குகிறார்கள். என் தோழி ஒருத்திக்கு அப்படித்தான் நடந்தது. குழந்தையின் துடிப்பு நன்றாகத்தான் இருந்ததாம்.

ஆகவே 36-வது வாரச் செக்கப்பிலேயே, கூட வருகிறவரையும் உட்கார வைத்து, பத்து நிமிடம் ஒதுக்கி இதைச் சொல்லிவிடுங்கள். தமிழ் மட்டும் போதாது, ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் தெலுங்கிலும் கன்னடத்திலும் சொல்ல வேண்டியிருக்கும்.

எனக்காவது தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. சித்தேரி மலையிலும் வத்தல்மலையிலும் இருப்பவர்களுக்கு, இரவில் யானை நடமாடும் அஞ்செட்டி சாலையை நம்பி இருப்பவர்களுக்கு, 'வலி வந்தா வாங்க' என்று சொல்லி அனுப்புவது எந்த வகையில் நியாயம்? தேதி நெருங்கியதும் ஆஸ்பத்திரி வளாகத்திலேயே தங்க அவர்களுக்கு ஓர் அறை வேண்டும். மூத்த குழந்தையையும் ஆடுகளையும் விட்டுவிட்டு வர முடியாமல்தான் பலர் கடைசி வரை மலையிலேயே இருக்கிறார்கள். அதனால் அந்தக் குழந்தையையும் கூட அழைத்துவர விட வேண்டும், துணைக்கு வருகிற அம்மாவுக்கும் சேர்த்துச் சாப்பாடு போட வேண்டும்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
காரிமங்கலம், தர்மபுரி மாவட்டம்