ராஜா எழுந்திருக்கும் அந்த அரை நிமிஷம்

அன்புள்ள சரோ,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. உடனே பதில் போடாததற்குச் சோம்பல்தான் காரணம், வேறு சாக்குச் சொல்ல மாட்டேன். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. "இப்போதுதான் வீட்டில் எவ்வளவு தூசி இருக்கிறது என்று தெரிகிறது" என்று எழுதியிருந்தாயே, தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. படி ஏறும்போது முனகுகிறது, இறங்கும்போது திட்டுகிறது. பெரியவளுக்கு வேலை மாற்றல். சின்னவன் இன்னும் போனை எடுப்பதில்லை. இங்கே விசேஷம் அவ்வளவுதான்.

உன் நாய் ராஜாவைப் பற்றி நீ எழுதிய பக்கத்தை மட்டும் மூன்று முறை படித்தேன். 11 வயது, 34 கிலோ, பின்னங்கால் இரண்டும் தள்ளாடுகின்றன, வழவழத் தரையில் படுத்தால் எழ முடியவில்லை, நீ வயிற்றுக்கடியில் கையைக் கொடுத்துத் தூக்குகிறாய், உனக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது. நாயைத் தாங்கித் தூக்குகிற ஹார்னெஸ் பட்டை வாங்கலாம் என்று பார்த்தால் ஐம்பது விதம் இருக்கிறது, தலை சுற்றுகிறது, என் நாய் மணிக்கு எதை வாங்கினேன் என்று கேட்டிருந்தாய். மணிக்கு நான் மூன்று வாங்கினேன். முதல் இரண்டும் தண்டம். அந்தத் தண்டக் கதையையே எழுதுகிறேன், உனக்காவது ஒன்றோடு முடியட்டும்.

அதற்கு முன்னால் ஒரு கேள்வி. இது மூட்டுக் கோளாறா, நரம்புக் கோளாறா என்று டாக்டர் சொன்னாரா? நீ எழுதவில்லை. மணிக்கு இடுப்பு மூட்டுத் தேய்மானம், வலிதான் பிரச்சினை. ராஜா மாதிரி ஜெர்மன் ஷெப்பர்டுக்கு அதுவும் வரும். கூடவே தண்டுவடம் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்கும் நோய் ஒன்றும் அந்த இனத்தில் வருவதுண்டு. டிஜெனரேடிவ் மையலோபதி என்பார்கள். பெரும்பாலும் எட்டு வயதுக்கு மேல் தொடங்கும், வலி இருக்காது, அதனால் "வயசாகிவிட்டது" என்று நாமே முடிவு கட்டிவிடுவோம். எஸ்ஓடி1 என்ற மரபணுவில் உள்ள ஒரு மாற்றத்துக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதை 2009இல் கண்டுபிடித்தார்கள். பரிசோதனையும் வந்துவிட்டது. ஆனால் அந்த மாற்றம் உள்ள எல்லா நாய்க்கும் நோய் வந்தே தீரும் என்பதில்லை. ராஜாவின் பின்னங்கால் நகங்களைப் பார். மேல்பக்கம் தேய்ந்திருக்கிறதா? நடக்கும்போது சரக் சரக்கென்று இழுக்கும் சத்தம் கேட்கிறதா? பாதம் மடங்கி, மேல்புறம் தரையில் படுகிறதா? டாக்டர் பாதத்தைத் திருப்பி வைத்துப் பார்ப்பார். நன்றாக இருக்கும் நாய் உடனே நேராக்கிக்கொள்ளும். நரம்பு மந்தமாக இருந்தால் அப்படியே நின்றுகொண்டிருக்கும்.

பட்டை வாங்கப் போகிறவளுக்கு இந்த வைத்தியமெல்லாம் எதற்கு என்று கேட்பாய். வலி இருக்கிற நாய்க்கு இடுப்பையும் தொடையையும் இறுக்குகிற பட்டை ஆகாது, அகலமாகத் தாங்குகிற பட்டை வேண்டும். நரம்புக் கோளாறு என்றால் பின்னங்காலோடு நிற்காது, நாளாக ஆக முன்னங்காலுக்கும் வரும். அப்போது பின்பக்கப் பட்டை மட்டும் போதாது. முன்பக்கத்துக்கும் பின்னால் சேர்த்துக்கொள்ளும்படியான ஜோடியாக வாங்குவது நல்லது. முதுகெலும்பு டிஸ்க் தொல்லை என்றால் முதுகு மட்டமாக இருக்க வேண்டும், நடுவில் வளையக் கூடாது. அதனால் முன்னும் பின்னும் சேர்த்துத்தான் பிடிக்க வேண்டும், அதையும் டாக்டர் சரி என்ற பிறகே. என்றைக்காவது ஒரு நாள் ராஜா திடீரென்று பின்னங்கால் இரண்டும் விழுந்து கிடந்தால் பட்டையைத் தேடிக்கொண்டிருக்காதே. அந்த மணி நேரமே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடு.

இன்னொன்று. உன் வலி மாத்திரையில் பாதியைக் கொடுக்கலாமா என்று போகிற போக்கில் கேட்டிருந்தாய். கூடாதுடி. ஐபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாழாக்கிவிடும். பாராசிட்டமாலும் நம் இஷ்டத்துக்குக் கொடுக்கிற மருந்து இல்லை. நாய்க்கென்றே வலி மருந்துகள் இருக்கின்றன, டாக்டரைக் கேள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். எல்லோரையும் போல நானும் துண்டில்தான் ஆரம்பித்தேன். அவசரத்துக்குத் துண்டு தப்பில்லை. ஆனால் தூக்கியதும் அது கயிறாகச் சுருண்டு நடு வயிற்றை அழுத்தும். முதல் நாள் வாசல் வரை போவதற்குள் மணி சிறுநீர் விட்டுவிட்டான். எனக்குக் கோபம், அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மூத்திரப்பையை அமுக்கியது நான்தான் என்று உறைக்க ரொம்ப நாள் ஆயிற்று. அப்புறம் வாங்கிய முதல் பட்டை அதே துண்டுதான், கைப்பிடி வைத்தது, அவ்வளவே. நாலடி நடப்பதற்குள் வழுக்கி விலாவுக்குப் போய்விடும். போதாததற்கு ஆண் நாய்க்கு அந்த இடத்தையே மூடிவிடுகிறது. காலைத் தூக்கினாலும் தூக்காவிட்டாலும் பட்டை நனையும், ஈரம் தோலில் ஊறும். ராஜாவுக்கு வாங்கும்போது வயிற்றுப் பக்கம் அந்த இடத்தில் வெட்டிவிட்டிருக்கிறதா என்று பார். பெட்டை நாய் என்றால் வாலுக்கடியில் திறப்பு இருக்க வேண்டும்.

இரண்டாவதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. ஜட்டி மாதிரி இரண்டு கால் ஓட்டை. ஒவ்வொரு காலாக நுழைத்து மேலே இழுத்தால் இடுப்பைக் கவ்விக்கொள்ளும், வயிற்றில் துளி அழுத்தம் கிடையாது. நல்ல யோசனைதான். ஆனால் அதைப் போட நாய் நிற்க வேண்டும். நிற்க முடியாத நாயைத் தூக்கி நிறுத்தத்தானே அதை வாங்கினேன்! ஒரு கையால் அவனைத் தாங்கி, மறுகையால் காலை நுழைத்து, அதற்குள் அவன் மறுபடி உட்கார்ந்துவிடுவான். அரை மணி நேரம் போராடிவிட்டு இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதனால்தான் சொல்கிறேன், எதை வாங்கினாலும் ராஜா எழுந்திருக்கும் அந்த அரை நிமிஷத்தை மனதில் வைத்து வாங்கு. படங்களில் எல்லா நாயும் கம்பீரமாக நின்றுகொண்டிருக்கும். நம் நாய் படுத்துக் கிடக்கிறது. பட்டை முழுதாக விரிய வேண்டும். படுத்திருக்கிறவனை ஒருக்களித்துத் திருப்பி, அடியில் தள்ளி, மேலே கொண்டுவந்து மாட்ட முடிய வேண்டும். மூன்றாவது அப்படிப்பட்டது. மார்புக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று, முதுகின் மேல் இரண்டையும் இணைக்கும் ஒரு வார், முன்னும் பின்னும் கைப்பிடி. இடுப்புத் துண்டு தொடை இடுக்கு வழியாக வந்து அகலமாகத் தாங்கும். கடைசி எட்டு மாதம் அதுதான்.

இரண்டு நாள் ராஜாவையே கவனித்துப் பார். எங்கே திணறுகிறான்? எழும்போது மட்டுமா, எழுந்துவிட்டால் தானாக நடக்கிறானா? அப்படியென்றால் எழுப்பி, நிறுத்தி, கையை விட்டுவிடலாம். குனிந்து மலம் கழிக்கும்போது பின்பக்கம் சரிகிறதா? அந்த நேரம் மட்டும் பிடி. இல்லாததை மட்டும் நீ கொடு, இருப்பதை அவன் பார்த்துக்கொள்ளட்டும். இதை நான் அவமானப்பட்டுக் கற்றுக்கொண்டேன். மணியை டாக்டரிடம் கூட்டிப்போனபோது, "நீங்கள் நடக்கிறீர்கள், இவன் தொங்கிக்கொண்டல்லவா வருகிறான்?" என்று கேட்டார். குனிந்து பார்த்தேன், பின்னங்கால் இரண்டும் தரைக்கு மேலே ஊசலாடிக்கொண்டிருந்தன. பாசத்தில் அவ்வளவு உயரம் தூக்கியிருக்கிறேன். உபயோகிக்காத தசை வற்றிவிடும், பின்பக்கத்தை உயர்த்த உயர்த்த பாரமெல்லாம் தோளுக்கும் முன்னங்காலுக்கும் போகும், அவை ஏற்கெனவே ஓவர்டைம் பார்க்கின்றன என்றார். முதுகு மட்டமாக இருக்க வேண்டும், பாதம் தரையைத் தொட வேண்டும், அந்த அளவுக்குத்தான் தூக்கு.

பாரத்தைப் பற்றியும் ரொம்பப் பயப்படாதே. நாயின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்களும் 40 சதவீதத்தைப் பின்னங்கால்களும் தாங்குகின்றன. ராஜாவின் 34 கிலோவில் பின்பக்கம் பதின்மூன்று, பதினான்கு கிலோ. அதிலும் அவன் கால் தாங்கியது போக மீதிதான் உன் கைக்கு வரும். இத்தனை நாள் உன் இடுப்பை ஒடித்தது அந்தப் பாரத்தைவிட நீ குனிந்து தூக்கியதுதான். கைப்பிடியில் நீள வார் இருந்தால் நிமிர்ந்தபடியே பிடிக்கலாம். நிமிர்ந்து நின்று, முழங்கை லேசாக மடங்கியிருக்க, கைப்பிடி கைக்கு வர வேண்டும். அந்த நீளத்தில் வைத்துக்கொள். எழுப்பும்போது மட்டும் குட்டைப் பிடி தேவை, அதற்கு உன் முழங்காலை மடக்கி இறங்கு. (நானே சொல்கிறேன் பார், முழங்காலைப் பற்றி!) வாலைப் பிடித்தோ முன்னங்காலைப் பிடித்தோ யாரும் இழுக்காமல் பார்த்துக்கொள், வீட்டுக்கு வருகிறவர்கள் உதவி என்று அதைத்தான் செய்வார்கள்.

படிக்கட்டில் ஏறும்போது பின்பிடி, இறங்கும்போது முன்பிடி. இறங்கும்போது உடம்பு முன்னால் உருளும். பின்பக்கத்தை மட்டும் தூக்கினால் நீயே அவனைக் கவிழ்த்துவிட்டதாகிவிடும். வாசலில் இரண்டு மூன்று படிதான் என்றால் ஒரு சரிவுப் பலகை போட்டுவிடு.

அளவு எடுக்காமல் வாங்காதே. எடையைச் சொன்னால் போதும் என்று ஒரு கடையில் சொன்னதை நம்பித்தான் என் முதல் பட்டையே தொளதொளவென்று வந்தது. வயதான ஷெப்பர்டுக்கு மார்பு பீப்பாய் மாதிரி இருக்கும், இடுப்பு வற்றியிருக்கும், எடையை வைத்து எதையும் சொல்ல முடியாது. தையல் டேப்பை எடுத்து, முன்னங்காலுக்குப் பின்னால் விலா அகலமாக இருக்கும் இடத்தில் ஒரு சுற்று அள. பின்னங்காலுக்குச் சற்று முன்னால் இடுப்பில் ஒரு சுற்று. கழுத்தடியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை நீளம். நிற்க வைக்க முடியாவிட்டால் யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல். மாட்டிய பிறகு பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். அக்குளில் பட்டை படக் கூடாது, ஓரத்தில் முரட்டுத் தையல் இருக்கக் கூடாது. வெல்க்ரோ எனக்குப் பிடிக்காது. முடி சிக்கிச் சிக்கி ஒரு மாதத்தில் ஒட்டாமல் போகிறது, பிரிக்கும் சத்தத்துக்கே மணி மிரளுவான். கொக்கி வைத்ததாக வாங்கி, மாட்டிவிட்டுப் பலமாக இழுத்துப் பார்.

படுத்துத் தூங்கும்போது கழற்றிவிடு. நாள் முழுக்கப் போட்டு வைக்கலாம் என்று விற்பதையும் ராத்திரி கழற்றத்தான் வேண்டும். கழற்றும்போதெல்லாம் அக்குளிலும் தொடை இடுக்கிலும் முடியை விலக்கிப் பார். சிவந்திருந்து கொஞ்ச நேரத்தில் மறையாவிட்டால் அங்கே உரசுகிறது என்று அர்த்தம். மணிக்கு இடது அக்குளில் கால் ரூபாய் அளவு முடி கொட்டி, தோல் மினுமினுவென்று ஆன பிறகுதான் நான் பார்த்தேன்.

வந்த அன்றே மாட்டி நடக்க வைக்காதே. படுக்கைக்குப் பக்கத்தில் இரண்டு நாள் கிடக்கட்டும், மோந்து பார்த்துக்கொள்வான். அப்புறம் மாட்டிக் கழற்று, அதற்கப்புறம் தூக்கு. ஷெப்பர்டுக்குக் கௌரவம் ஜாஸ்தி, தெருவில் நாலு பேர் பார்க்க முதல் தடவை தூக்கினால் வீம்பு பிடிப்பான். தரையில் வழுக்காத பாய்களை வழி முழுக்கப் போடு, நகத்தை வெட்டு, பாதத்தின் அடியில் விரலுக்கு நடுவே வளர்ந்த முடியையும் கத்தரி. இதற்கே பாதி நாள் பட்டை தேவைப்படாமல் போகலாம்.

மணி போய்ச் சேர்ந்து, வருகிற மாதத்தோடு ஒரு வருஷம். மூன்றாவது பட்டை இன்னும் கதவுக்குப் பின்னால் ஆணியில்தான் தொங்குகிறது. மார்பு 72லிருந்து 84 சென்டிமீட்டர் வரை இழுத்துச் சின்னதாக்கலாம், பெரிதாக்கலாம். பின்பக்கக் கொக்கி ஒன்றில் கீறல் இருக்கிறது, அதை மாற்ற வேண்டும். ராஜாவை அளந்து எழுது. அளவு சரியாக இருந்தால் தோய்த்து அனுப்புகிறேன். இதுவரை தோய்க்கவில்லை.

அன்புடன்,
பத்மா